தணிகாசலத்தின் மேல் ஆறு குற்றச்சாட்டுகள்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். பெஞ்சில் உட்காருங்கள். சிலை திறப்பு விழா மலருக்குத் தணிகாசலத்தைப் பற்றி நான் இரண்டு பக்கம் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். ஏரிமங்கலம் தொகுதியின் முதல் சட்டமன்ற உறுப்பினர், பாட்டாளிகளின் தோழர், பண்பாளர். அதெல்லாம் உங்களுக்கே எழுதத் தெரியும். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். என்னிடம் இருப்பது பாராட்டு இல்லை, குற்றச்சாட்டு. மொத்தம் ஆறு. வரிசையாகச் சொல்கிறேன், வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் மனுஷன் எப்படிக் கெட்டார் என்பது விளங்காது. அமெரிக்காவில் மாகாணக்காரர்கள் தங்கள் ராஜாவின் மேல் குற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி எழுதிவிட்டுத்தான் பிரிந்துபோனார்கள். அரையணாப் பிரசுரத்தில் படித்தேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். மீதிப் படிப்பு முழுவதும் துண்டுப் பிரசுரம்தான். அதனால் என் பேச்சு கொஞ்சம் அச்சடித்த மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் குற்றச்சாட்டு. நாற்பத்தாறாம் வருஷம், பீடித் தொழிலாளர் வேலைநிறுத்தம். அன்றைக்கெல்லாம் நாம் சுற்றிக் கொடுக்கும் பீடியில் பத்தில் ஒன்றைக் கழிவு என்று சொல்லிக் கணக்கப்பிள்ளை தள்ளிவிடுவான். கூலி கிடையாது. தள்ளிய பீடியை அவனே சாயங்காலம் விற்பான். அதை எதிர்த்து ஊர்வலம். முன்னால் தணிகாசலம், அவருக்குப் பின்னால் கொடியோடு நான். மணிக்கூண்டு திருப்பத்தில் போலீஸ் தடியைத் தூக்கியது. தூக்கிய நேரத்தில் பார்க்கிறேன், முன்னால் இருப்பது நான். அவர் ஓடினார் என்று சொல்லமாட்டேன். ஒதுங்கினார். இங்கே பாருங்கள், முடி முளைக்காத இடம். மறுநாள் பத்திரிகையில் என்ன போட்டான்? 'தணிகாசலம் தலைமையில் தொழிலாளர்கள் தடியடியைத் தாங்கினர்.' தாங்கியது யார் தலை?

வேலைநிறுத்தம் முடிகிற வரைக்கும் சாப்பாடு அவர் வீட்டில்தான். அதை மறைக்கமாட்டேன். அண்ணி, அதாவது அவர் சம்சாரம், அண்டாவில் கேழ்வரகுக் களி கிண்டிப் போடுவார். கடைசியில் அந்த அண்டாவையே விற்றுக் கேழ்வரகு வாங்கிவிட்டார். பிறகு சின்னச் சட்டியில் திரும்பத் திரும்பக் கிண்ட வேண்டியதாயிற்று. அதனால் எங்களுக்குச் சாப்பாடு தாமதம். நான் அதைக் குற்றச்சாட்டில் சேர்க்கவில்லை.

இரண்டாவது. நாற்பத்தெட்டில் எங்கள் இரண்டு பேரையும் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். அவர் மெட்ரிக் பாஸ், அப்பாவுக்கு நிலம் உண்டு. அதனால் அவருக்கு பி கிளாஸ். கட்டில், கொசுவலை, காலையில் முட்டை, தினமும் பத்திரிகை. எனக்கு சி கிளாஸ். ஒரே வழக்கு, ஒரே தீர்ப்பு, ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாசலில் இறக்கிப் பிரித்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. அந்த பேதம் எவ்வளவு தூரம் போயிற்று என்று கேளுங்கள். அவர் உள்ளே இருக்கும்போது அவருடைய பெண் குழந்தை காய்ச்சலில் இறந்துபோயிற்று. தவழ்கிற வயசு. அண்ணி ஒற்றை ஆளாக அதைத் தூக்கிக்கொண்டு மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், வழியிலேயே போய்விட்டது. பி கிளாஸில் இருந்தவருக்குச் செய்தி அன்றைக்கே வந்துவிட்டது. எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது. பார்த்தீர்களா?

மூன்றாவது. ஐம்பத்திரண்டு, முதல் பொதுத்தேர்தல். அவர் சுயேச்சையாக நின்றார், சைக்கிள் சின்னம். அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். 'சைக்கிள் பெட்டி நிறைந்தால் சோற்றுப் பானை நிறையும்' என்று எழுதினேன். நான் எழுதியது சார், நான். தறி மேட்டிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் பிள்ளைகள் அதைக் கத்திக்கொண்டு ஓடின. ஜெயித்தார். வெற்றி விழாவில் மைக்கைப் பிடித்து, 'என் உள்ளத்தில் உதித்த ஒரு வரி' என்றார். மேடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கண்ணைக்கூட எடுக்கவில்லை.

நான்காவது. மெட்ராஸ். சட்டமன்ற உறுப்பினர் விடுதியில் இருப்பதாகச் சொன்னார்கள். கூலி உயர்வு மனுவோடு நாங்கள் ஐந்தாறு பேர் ரயிலேறிப் போனோம். விடுதியில் இல்லை. தனியாக வீடு எடுத்திருந்தார். அங்கே கமலவேணி என்று ஒரு டீச்சர் இருந்தது. சாசரில் வைத்து டீ கொடுத்தது, மரியாதையாகத்தான் பேசியது. அது அவர் குடும்ப விஷயம். நான் பொதுவாழ்க்கைக்காரன், அதில் தலையிடுவதில்லை. என் குற்றச்சாட்டு வேறு. அங்கே வந்திருந்த ஒரு பெரிய மனிதரிடம் என்னைக் காட்டி, 'நம்ம தொகுதி ஆளுங்க' என்றார். ஆளுங்க! தோழர் என்ற ஒரு சொல்லுக்கு நாக்கில் இடம் இல்லை.

ஐந்தாவது. பீடித் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி எப்போது என்று சட்டசபையில் கேட்கும்படி கேள்வி எழுதிக் கொடுத்திருந்தேன். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். எழுந்தார், கண்ணாடியைத் துடைத்தார், பாலாற்றுக்குப் பாலம் எப்போது என்று கேட்டார். என்ன சொல்கிறீர்கள்? ஆமாம், பாலம் வந்தது. பாலத்தால் ஊருக்கு நன்மைதான். நானும் அதில்தான் நடக்கிறேன், பறந்தா போகிறேன்? கேள்வி என்னுடைய கேள்வி இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

ஆறாவது. ஐம்பத்தேழில் ஆளுங்கட்சியில் சேர்ந்தார். சேர்ந்த சூட்டோடு அந்தக் கட்சி வேட்பாளராக அதே தொகுதியையும் வாங்கிக்கொண்டார். மாலை போட்டது யார்? பீடிக் கம்பெனிக்காரன்கள். கழிவு என்று நம் பீடியைத் தள்ளினானே அந்தக் கணக்கப்பிள்ளை, அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

ஆறு முடிந்தது. பேனாவை மூடாதீர்கள். இனிமேல்தான் விஷயமே.

ஆறாவதற்கு நான் சும்மா இருக்கவில்லை. அவரை எதிர்த்து அதே தொகுதியில் நின்றேன். தோற்றேன், டெபாசிட் போயிற்று. அதை முன்பே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் ஏமாறவேண்டாம். ஆனால் நிற்பதற்கே பட்ட பாடு இருக்கிறதே, அதை யாரும் எழுதவில்லை.

வேட்புமனுவில் என் கையெழுத்து மட்டும் போதாது. இவரை நான் முன்மொழிகிறேன் என்று அதே தொகுதி வாக்காளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போதும். ஏரிமங்கலத்தில் எனக்கு ஒருவரா கிடைக்கமாட்டார்? அப்படித்தான் நினைத்தேன். கம்பெனி ஏஜெண்டுகள் ஒரே ஒரு சொல்தான் சொல்லி வைத்திருந்தார்கள்: மாசிலாமணிக்குக் கையெழுத்துப் போடுகிற வீட்டுக்கு இலை கிடையாது. பீடி இலை இல்லையென்றால் முறத்தில் என்னத்தை வைத்துச் சுற்றுவது?

பக்கிரியிடம் போனேன். என்னோடு சி கிளாஸில் களி தின்றவன்.

"நான் உன் ஆளுதான்ணா. அதுல மாத்தமில்ல. ஆனா இலைய நிறுத்திட்டான்னா எங்கொழந்தைங்களுக்கு நீ நோட்டீச ஊட்டுவியா?"

டீக்கடை கன்னியப்பனிடம் போனேன். அவன் பீடி சுற்றுகிறவன் இல்லை, அவனுக்கு என்ன பயம்?

"கையெழுத்துதானே? போட்டுடலாம். இன்னிக்கி மணிக்கட்டு வலி, நாளைக்கி வா."

"நாளைக்கு நேரம் முடிந்துவிடும் கன்னியப்பா."

"அப்டியா? அடப்பாவமே. அதுக்குள்ள சரியாவணுமே இது."

கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் வாங்கிக் கொடுத்த கூலி உயர்வில் டீ குடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

உங்கள் மனைவி போட்டிருக்கலாமே என்கிறீர்கள். என் வீட்டில் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறவில்லை. பெயர் எழுத ஆள் வந்தபோது நான் ஆம்பூரில் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். வாக்குரிமையைப் பற்றித்தான் பேச்சு. நல்ல கூட்டம்.

ஆக, மனு போடக் கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம். சைக்கிள் கடைக்குப் பின்னால் சங்க அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். அண்ணி வந்து வாசலில் நிற்கிறார். தணிகாசலம் மெட்ராஸோடு இருந்துவிட்ட பிறகு அண்ணி ஊரில் மாமியாரைப் பார்த்துக்கொண்டு அதே வீட்டில்தான் இருந்தார். மாதத்துக்கு ஒரு முறை அவர் காரில் வருவார், அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவார்.

"தம்பி, மனுவுல கையெழுத்து போட ஆள் வேணுமாமே?"

"ஆமாம் அண்ணி. உங்களுக்கு யார் சொன்னார்கள்?"

"கொளத்தங்கரையில சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. எங்க போடணும், காட்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணி, உங்களுக்கு எழுதப் படிக்க வருமா?"

"உன் நோட்டீசுக் கட்டுங்க எத்தினி வருசமா எங்க வீட்டுப் பரண்ல கெடந்துச்சி? எலி தின்னது போக மீதிய நான்தான் தின்னேன். மொதல்ல எழுத்துக் கூட்டி, அப்புறம் வரிக் கூட்டி. கெழவிக்கிப் பக்கத்துல உக்காந்து வேற இன்னா பண்றது?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் எழுத்து ஒரு பெண்மணிக்குக் கண்ணைத் திறந்திருக்கிறது பாருங்கள். எது பிடித்திருந்தது என்று கேட்டேன்.

"தலைப்புங்க நல்லா இருக்கும். உள்ள போனா ஒரே ஏச்சு. ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு ஏச்சு."

அண்ணிக்கு எப்போதும் கொஞ்சம் விளையாட்டுப் பேச்சு உண்டு.

"அவருக்குத் தெரியுமா, நீங்கள் படிப்பது?"

"அவுரு எங்க கேட்டாரு?"

பிறகு இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "இதயும் படிச்சேன்" என்றார். தணிகாசலத்தின் தேர்தல் பிரசுரம். 'நம் வேட்பாளரின் வாழ்வும் தொண்டும்' என்று தலைப்பு. ஒரு பக்கம் அவர் வாழ்க்கை வரலாறு. மறுபக்கம் நாற்காலியில் அவர், பக்கத்தில் கமலவேணி, மடியில் பையன். கீழே, 'அன்னாரின் இல்லறம்: துணைவியார் கமலவேணி அம்மையார், ஆசிரியை, ஒரே செல்வன் இளஞ்செழியன்.' இந்தப் பக்கத்தைத்தான் அண்ணி மேலே இருக்கும்படி வைத்தார். நான் திருப்பி வரலாற்றைப் படித்தேன். 'பீடித் தொழிலாளர் சங்கத்தைத் தன்னந்தனியாகத் தோற்றுவித்தார்' என்று போட்டிருந்தது. தன்னந்தனியாக! எனக்கு ரத்தம் கொதித்தது.

"பாருங்கள் அண்ணி, முழுக்கப் படித்துவிட்டேன், என் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை!"

அண்ணி காகிதத்தைத் திருப்பி, மறுபடியும் படம் மேலே இருக்கும்படி வைத்தார்.

"ஆமா தம்பி. உம்பேரு இல்ல" என்றார்.

என் கஷ்டத்தை அந்த அம்மாள் ஒருவர்தான் புரிந்துகொண்டார்.

இப்போது நீங்கள் கொண்டுவந்திருக்கிற மலர் புரூபிலும் அதே வாசகம்தான் இருக்கிறது சார். அந்தப் பழைய பிரசுரத்தை வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியாதா? தன்னந்தனியாக என்பதை அடியுங்கள். 'மாசிலாமணியுடன் இணைந்து' என்று திருத்துங்கள். இங்கே, இந்த வரியில். இல்லறம் என்று போட்டிருக்கிற பகுதியில் நான் கை வைக்கவில்லை. மகன்தான் மலருக்குப் பணம் கொடுக்கிறார், அவர் தாயார் படம் வருகிறது, சரி. அது குடும்பம்.

மனுவை எடுத்தேன். முன்மொழிபவர் பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு நின்றேன். "அண்ணி, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டேன். இத்தனை வருஷமாக அண்ணி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. வேதவல்லி என்றார். எழுதினேன். கையெழுத்தை நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். கோலம் போடுகிற கை, கோணல் இல்லை.

மறுநாள் மனுவைக் கொடுத்துவிட்டேன். அடுத்தது பரிசீலனை. தேர்தல் அதிகாரி ஒவ்வொரு மனுவாக எடுத்து, சரியாக இருக்கிறதா, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார். தாலுகா ஆபீஸில் நடந்தது. முன்மொழிந்தவரும் வரலாம் என்பதால் அண்ணி வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அதிகாரி, குமாஸ்தா, தணிகாசலம், அவருடைய வக்கீல், நான். ஜன்னலுக்கு வெளியே ஊரே நிற்கிறது. பக்கிரி நிற்கிறான், கன்னியப்பன் நிற்கிறான். மணிக்கட்டு வலியெல்லாம் போய் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

என் மனு வந்தது. வக்கீல் எழுந்தார்.

"ஆட்சேபணை இருக்கிறது ஐயா. முன்மொழிந்ததாகக் காட்டப்பட்டிருக்கும் பெண்மணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தக் கையெழுத்து போலி. எதிர் வேட்பாளரே போட்டுக்கொண்டது."

மனு போவதோடு நிற்காது, போலிக் கையெழுத்து என்றால் மறுபடியும் ஜெயில். மறுபடியும் சி கிளாஸ்.

அதிகாரி வெளியூர்க்காரர், சாந்தமான மனிதர். "அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

வக்கீல் தணிகாசலத்தைப் பார்த்தார். தணிகாசலம் மின்விசிறியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியுங்க" என்றார். "பள்ளிக்கூடம் போனதில்ல."

"உங்களுக்கு எந்த வகையில பழக்கம்?"

"நம்ம ஊர்க்காரங்கதான்."

ஜன்னலில் யாரோ, "டேய், ஊர்க்காரங்களாம்டா!" என்றான். ஒரே சிரிப்பு. குமாஸ்தா மேஜையைத் தட்டினார்.

ஒன்று சொல்லவேண்டும். தணிகாசலம் பொய் சொல்லவில்லை. அண்ணிக்குப் படிக்கத் தெரியாது என்று அவர் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார். அதில் அவர்மேல் எனக்குக் குற்றச்சாட்டு இல்லை. எனக்கே அதற்கு முந்தாநாள்தான் தெரிந்தது.

அண்ணியைக் கூப்பிட்டார்கள். வந்து நின்றார், தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு. தணிகாசலம் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பவில்லை. இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டார் அதிகாரி. ஆமாம் என்றார்.

வக்கீல் விடவில்லை. "கையெழுத்தைப் படம் வரைவதுபோல் ஒரு நாளில் பழக்கிவிடலாம் ஐயா. வாசிக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்."

அதிகாரி என் மனுவையே முதலில் நீட்டினார். அண்ணி வாசித்தார். "வேட்பாளர் பெயர், மாசிலாமணி." அழகாக, திருத்தமாக வாசித்தார். ஒரு பயலும் கவனிக்கவில்லை. சரியாக என் பெயர் வரும் நேரத்தில் ஜன்னலில் ஒருவன் இருமினான். அதைச் சொன்னாலும் உங்களுக்குப் புரியாது சார். ஓர் அரசு அலுவலகத்தில், ஓர் அதிகாரிக்கு முன்னால், என் பெயர் வேட்பாளர் என்று வாசிக்கப்பட்ட ஒரே தடவை அது.

"இதைச் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருப்பார்கள்" என்றார் வக்கீல்.

அதிகாரிக்கு அலுத்துவிட்டது. அச்சடித்த வாக்காளர் பட்டியலைப் புரட்டி, அந்த வார்டுப் பக்கத்தை எடுத்து அண்ணியின் முன்னால் வைத்தார். "இதுல உங்க வரி எதுன்னு நீங்களே கண்டுபிடிச்சிப் படிங்கம்மா. ஆள் நீங்கதானான்னும் தெரிஞ்சிடும், படிப்பும் தெரிஞ்சிடும்."

அண்ணியின் விரல் மேலிருந்து கீழே வந்தது. எத்தனையோ பெயர்கள். நின்றது.

"கதவெண் பதினொண்ணு. வேதவல்லி. கணவர் பெயர்…"

அதோடு நின்றுவிட்டார்.

அதிகாரிக்குப் புரிந்தது. அவருக்கும் வீட்டில் சம்சாரம் உண்டே. "அத விட்டுடுங்கம்மா. வயசு என்ன போட்டிருக்கு, அதைப் படிங்க, போதும்" என்றார்.

"விடக்கூடாது" என்றார் வக்கீல். "படிக்கத் தெரிந்தவர் முழு வரியையும் படிக்க வேண்டும். நடுவில் ஒன்றை விட்டால் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்."

குமாஸ்தாவுக்கே பொறுக்கவில்லை. "ஏன் சார், உங்க வீட்டம்மா உங்க பேரச் சொல்லுவாங்களா?"

"என் வீட்டம்மா யாரையும் முன்மொழியவில்லை."

தணிகாசலம் சிரித்துக்கொண்டிருந்தார். ரொம்பவும் இல்லை, மீசைக்குக் கீழே கொஞ்சம். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சீட்டில் ஜெயிக்கிற கை வந்துவிட்டால் சிரிப்பாரே, அது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அண்ணியின் வாயிலிருந்து அவர் பெயர் வந்ததில்லை. கோயில் அர்ச்சனைக்குக்கூட மாமியார்தான் பெயர் சொல்வார். வாசலில் தபால்காரன் கேட்டால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார். அதை வைத்துத்தான் வக்கீல் பிடித்தார். சட்டத்தில் பிடிக்கவில்லை சார், பழக்கத்தில் பிடித்தார்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "அம்மா, ஆட்சேபணை வந்துடுச்சி. நான் ஒண்ணும் செய்ய முடியாது. முழுசாப் படிச்சா இந்த மனு நிக்கும். படிக்கலன்னா தள்ளிடணும்."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தொகுதியே என் கொள்கைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. எல்லாம் ஒரு சொல்லில் தொங்குகிறது. "அண்ணி, எனக்காகப் படித்துவிடுங்கள் அண்ணி" என்றேன். குமாஸ்தா என்னைப் பேசக் கூடாது என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் நீங்கள் எழுதமாட்டீர்கள். என் மனு ஏற்கப்பட்டது. தொகுதி முழுக்கப் பேசினேன். எந்த ஊரில் மேடை ஏறினாலும் கூலியைப் பற்றிக் கேட்கவில்லை, கழிவைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த அம்மா எப்படிச் சொல்லிச்சி, சத்தமாவா, மெதுவாவா, அவரு மூஞ்சி எப்படி ஆச்சி என்று கேட்டார்கள். வேட்பாளர் நான்! தணிகாசலம் ஜெயித்தார். ஆனால் மாதாமாதம் ஊருக்கு வருவது நின்றது. அண்ணி பீடி சுற்றக் கேட்டார், ஏஜெண்டு இலை தரமாட்டேன் என்றான். ஓர் எருமையை வைத்துக்கொண்டு பாலில் காலம் தள்ளினார். கிழவியையும் கடைசி வரைக்கும் அண்ணிதான் பார்த்தார். அண்ணியும் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. சங்கத்தில் இரங்கல் கூட்டம் போட்டு, ஐம்பத்தேழு தேர்தலில் நான் நின்ற வரலாற்றை விரிவாகப் பேசினேன். என் பெயர் வாசிக்கப்பட்டதை ஒருவர்கூட நினைவு வைத்துக்கொள்ளவில்லை என்பதை ஏழாவது குற்றச்சாட்டாகச் சேர்க்கலாம். யார் மேல் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

சரி, எங்கே விட்டேன்? தாலுகா ஆபீஸில். அண்ணி பட்டியலைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அப்போது தணிகாசலம் வாயைத் திறந்தார். மெதுவாக, வீட்டுக் குரலில்.

"வேணாம். வூட்டுக்குப் போ."

ஊர்க்காரங்களிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வக்கீல் சட்டென்று அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

அண்ணி நிமிர்ந்தார். அவரைப் பார்க்கவில்லை. அதிகாரியைக் கேட்டார்.

"ஐயா, இது சர்க்காரு அச்சடிச்சதா?"

"ஆமாம்மா."

"நோட்டீசு மாதிரி யாராச்சும் மாத்தி அடிச்சிக்க முடியுமா?"

"முடியாதும்மா. இது சர்க்கார் ரெக்கார்டு."

"படிச்சா எல்லாருக்கும் கேக்கணுமா?"

"எனக்குக் கேட்டாப் போதும்."

"இல்லீங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

பட்டியலை இரண்டு கையாலும் தூக்கினார். ஜன்னல் பக்கம் திரும்பினார். கன்னியப்பன் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டான். தலையில் போர்த்தியிருந்த தலைப்பு நழுவியது, அதைப் பிடிக்கக் கை இல்லை. முதலிலிருந்து தொடங்கினார். கதவெண்ணை வாசித்தார். தன் பெயரை வாசித்தார், வேதவல்லி என்று. மூச்சை இழுத்துக்கொண்டார். தாழ்வாரத்தைத் தாண்டி, வேப்பமரத்தடியில் நின்றிருந்த வண்டிக்காரர்கள் வரைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்:

"கணவர் பெயர், தணிகாசலம்."